குன்னூர்ப் பயணமும் பிளம்ஸ் பாட்டில்களும்: பழத்தை மலையிலேயே அடைப்பதா, வீட்டுக்குக் கொண்டுவந்து அடைப்பதா?

ஈரோட்டு மஞ்சள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மே மாதக் கடைசி வாரத்தில், பள்ளி திறப்பதற்கு முன்பாக, நானும் கணவரும் மாமியாரும் நாத்தனார் குடும்பமுமாக, குழந்தைகள் மூவரையும் சேர்த்து எட்டுப் பேர், நான்கு நாள் பயணமாகக் குன்னூர் செல்கிறோம். இம்முறை பூங்காவையும் ஊட்டிப் படகையும் பார்த்துவிட்டு வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், அங்கே விளையும் பிளம்ஸ், பீச் பழங்களை விளைவித்தவர்களிடமே வாங்கி, கொஞ்சம் ஜாமாகவும் கொஞ்சம் பாகில் ஊறிய துண்டுகளாகவும் கண்ணாடிப் பாட்டில்களில் அடைத்து ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். நாங்கள் தங்கும் வீட்டில் சமையலறை இருப்பதால், குழந்தைகளுக்கும் ஒரு வேலையாக இருக்கட்டும் என்று அங்கேயே அடைத்துவிட நினைக்கிறேன்.

ஓர் அச்சமும் இருக்கிறது. சென்ற ஆண்டு என் நாத்தனார் நன்கு பழுத்த மாம்பழத் துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் போட்டு, மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தார். மூன்றாம் வாரம் மூடிகள் மேல் நோக்கிப் புடைத்திருந்தன. மூடி அவ்வளவு இறுக்கமாக இருந்தும் அது ஏன் கெட்டது என்பது எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குன்னூர் மழை

வாருங்கள் சகோதரி. பழத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வாகனத்தில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். மே கடைசி என்றால் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடக்கும் காலத்தை ஒட்டி வரும். ஆகவே சனி, ஞாயிறைத் தவிர்த்துவிட்டு வாருங்கள். அரசுப் பேருந்துக்கும் மலை இரயிலுக்கும் இ-பாஸ் தேவையில்லை என்றாலும், பழக்கூடையோடு திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு இரயில் ஒத்துவராது.

கூட்ட காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் காவல்துறை ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவது வழக்கம். அதனால் பர்லியாறு சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் கண்ணில் பட்டால், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வழியாக நீங்கள் திரும்பாமலே போகலாம். வாங்கியதை அங்கேயே வண்டிக்குள் வைத்துக் கதவை மூடிவிடுங்கள். பர்லியாற்றுக் குரங்குகளிடம் பழத்தைப் பறிகொடுக்காத குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிளம்ஸ் வாங்குவதற்குச் சுற்றுலாப் பயணிகள் இறங்கும் இடத்தில் உள்ள கடைகள் வேண்டாம். காலை ஏழு மணிக்குள் உழவர் சந்தைக்குச் சென்றுவிடுங்கள். 1999-இல் மதுரையில் முதன்முதலாகத் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பயனை மலையிலும் பார்க்கலாம். அடையாள அட்டை உள்ள விவசாயியே விற்பார், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். எது எந்தத் தோட்டத்துக் காய், என்று பறித்தது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அடைப்பதற்கு நேற்றுப் பறித்த பழம் வேண்டும். தோலின் மேல் வெண்ணிறப் பூச்சு அழியாமல் இருந்தால் பலர் கைபடாத பழம் என்று பொருள். சூப்பர் மார்க்கெட் பழத்தில் மெழுகு பார்த்துப் பழகியவர்கள் இந்த வெண்மையை மருந்து என்று எண்ணித் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அது பழத்தின் இயல்பான மேற்பூச்சுதான்.

பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவர வேண்டாம், சோதனைச் சாவடியில் வாங்கிக்கொள்வார்கள். துணிப்பையும் இரண்டு மூங்கில் கூடையும் போதும்.

ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை

நாத்தனாரின் மாம்பழத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பழத்தை மூடியின் இறுக்கம் காப்பாற்றுவதில்லை. வெப்பம், புளிப்பு, சர்க்கரை ஆகிய மூன்றில் எதை நம்பி நாம் அடைக்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஜாமில் பழத்தின் நீர் பெரும்பகுதி சர்க்கரையால் பிடித்துவைக்கப்படுகிறது, அதனால் நுண்ணுயிர்களுக்கு நீர் கிடைப்பதில்லை. நம் நாட்டின் உணவுத் தரவிதி ஜாமில் கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 விழுக்காடு இருக்க வேண்டும் என்று கேட்பதற்கும், அவ்வளவு சர்க்கரை இருந்தால்தான் ஜாம் கெட்டியாகி நிற்கும் என்பதற்கும் தொடர்பு உண்டு. பாகில் போட்ட துண்டுகளோ அப்படி அல்ல. லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ சர்க்கரை போட்ட பாகு வெறும் 20 விழுக்காடுதான், அது சுவைக்கும் நிறத்துக்கும் மட்டுமே உதவும். அங்கே காப்பது பழத்தின் புளிப்பும், நிரப்பிய பிறகு பாட்டிலோடு சேர்த்துக் கொதிநீரில் வைக்கும் நேரமும்தான்.

உங்கள் நாத்தனார் செய்ததில் பாட்டிலை நிரப்பிய பிறகு சூடு இல்லை, நன்கு பழுத்த மாம்பழத்தில் போதிய புளிப்பும் இல்லை. ஈஸ்ட் வளர்ந்து வாயு கிளம்பி மூடியைத் தள்ளியிருக்கும். அது நல்ல காலம், ஏனெனில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் நஞ்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாவதில்லை. அவை காற்றில்லாத இடத்தைத்தான் விரும்பும், இறுக்கமாக மூடிய பாட்டில் அவற்றுக்கு வசதியான வீடு. புளிப்பை அளக்கும் பிஹெச் எண் (புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்) 4.6-க்குக் கீழே இருந்தால் மட்டுமே அவை முளைப்பதில்லை. ஆகவே கொதிநீரில் வைத்து அடைக்கும் முறை புளிப்பான பழங்களுக்கு மட்டுமே உரியது. பிளம்ஸ், பீச், புளிப்பான பேரிக்காய், நாரத்தை, ஆரஞ்சு ஆகியவை இந்த எல்லைக்குள் இருப்பவை. தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கிறது, அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ கால் தேக்கரண்டி எலுமிச்சை உப்போ (சிட்ரிக் அமிலம்) சேர்த்தே அடைக்க வேண்டும். பப்பாளி, வாழை, பழுத்த மாம்பழம், அத்தி ஆகியவற்றை வெறும் பாகில் போட்டு அலமாரியில் வைப்பது கூடாது. மாம்பழம்தான் வேண்டும் என்றால் எலுமிச்சை சேர்த்து ஜாமாக்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள், அல்லது உறைபெட்டியில் போடுங்கள்.

புடைத்த பாட்டிலை முகர்ந்து பார்க்கவோ நாக்கில் வைக்கவோ வேண்டாம். திறக்காமலே குழியில் புதைத்துவிடுங்கள்.

கொண்டைஊசி ஒன்பது

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை என்று தெரிகிறது, ஆனாலும் என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். என் அம்மா கொடைக்கானலில் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் பிளம்ஸ் ஜாம் செய்தார்கள். கொதிக்கக் கொதிக்க பாட்டிலில் ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய தலைமுறையில் ஜாமின் மேல் உருக்கிய மெழுகை ஊற்றி மூடினார்களாம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. குடும்பத்தோடு போகும் நான்கு நாளில் ஒரு நாளை அடுப்படியில் கழிப்பதை விட, குன்னூரில் தோட்டக்கலைத் துறை நடத்தும் பழம் பதனிடும் நிலையத்தில் நான்கு ஜாம் பாட்டிலை வாங்கிக்கொண்டு, அந்த நாளை லேம்ஸ் ராக் காட்சிமுனையில் கழிக்கலாம் என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை

உங்கள் அம்மாவின் ஜாமைக் காப்பாற்றியது கவிழ்த்தது அல்ல, அவர் தாராளமாகப் போட்ட சர்க்கரை. கவிழ்த்தால் மூடிக்கடியில் உள்ள காற்று சூடாகும், மூடி ஒட்டிக்கொள்ளவும் செய்யும், ஆனால் அந்த ஒட்டு உறுதியானதல்ல. மெழுகோ குளிர்ந்ததும் சுருங்கி ஓரத்தில் விலகும், அந்த இடைவெளியில் பூஞ்சை இறங்கும். பழைய வீடுகளில் பூஞ்சையை வழித்தெடுத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டது நமக்குத் தெரியாததா? சர்க்கரையைக் குறைத்துவிட்டு அதே முறையைப் பின்பற்றும் இன்றைய பிள்ளைகளுக்குத்தான் சிக்கல் வருகிறது.

அரசு நிலையத்து ஜாமை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டவருக்கு வேண்டியது ஜாம் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன்.

யாழ் கொடித்தோடை

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், பிளம்ஸ் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தாட்பூட் பழம் என்று விற்பது எங்கள் கொடித்தோடையேதான் (ஆங்கிலத்தில் பேஷன் ஃபுரூட்). அதன் சாறு மிகுந்த புளிப்புடையது என்பதால் போத்தலில் அடைப்பவருக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் பழம் குறைவு. விதையோடு சதையை வழித்து, மிக்சியில் போடாமல் (விதை உடைந்தால் கசக்கும்) கரண்டியால் கடைந்து வடிகட்டி, சீனிப் பாகோடு சேர்த்து வைத்தால் வெயில் காலத்தில் விருந்தாளிகளுக்குக் கரைத்துக் கொடுக்கலாம். சந்தையில் சுருங்கிய தோலுள்ளதைத் தேர்ந்தெடுங்கள், பளபளப்பாக இருப்பதில் சாறு குறைவாகவே இருக்கும்.

ஈரோட்டு மஞ்சள்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சரியாகவே சொன்னார்கள், ஜாம் கடையில் கிடைக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். கைபேசியை விட்டு இறங்காத மூன்று பிள்ளைகளும் மாமியாரும் ஒரே மேசையில் அமர்ந்து கொட்டை நீக்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருக்கும் ஆசை.

மேலும் சில ஐயங்கள் உண்டு. அயல்நாட்டுக் காணொளிகளில் காட்டும் ஆழமான பாத்திரம் என்னிடம் இல்லை, இட்லிக் கொப்பரை போதுமா? பிரஷர் குக்கரில் வைத்தால் இன்னும் பாதுகாப்பு அல்லவா? மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் சர்க்கரையே இல்லாமல் அடைக்க முடியுமா?

ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை

இட்லிக் கொப்பரை மிகவும் ஏற்றது. அடியில் மடித்த பருத்தித் துணியை விரித்து, பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாமல் நிற்க வைத்து, மூடிக்கு மேல் இரண்டு விரற்கடை உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்த உயரம் வராத கொப்பரையில் கால் லிட்டர் பாட்டிலைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் நன்கு பொங்கிக் கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். பிளம்ஸ் துண்டுகள் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலுக்கு ஈரோட்டில் 20 நிமிடம், ஒரு லிட்டருக்கு 25 நிமிடம். பாட்டிலின் விளிம்பிலிருந்து பாகு வரை சுமார் 1.25 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஜாமுக்கு அதில் பாதி போதும். நேரமும் 10 நிமிடம் கொடுத்துவிட்டால் பாட்டிலைத் தனியாகக் கொதிக்க வைத்துக் கிருமி நீக்க வேண்டியதில்லை, சூடான சோப்புத் தண்ணீரில் கழுவினாலே போதும்.

நம் வீட்டுக் குக்கர் பருப்பு வேகவைப்பதற்காகச் செய்தது. விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடும், உள்ளே என்ன வெப்பம் எவ்வளவு நேரம் நின்றது என்று நம்மால் அளக்க முடியாது. புளிப்பான பழத்துக்கு அது தேவையும் இல்லை, புளிப்பில்லாத காய்கறிக்கு அதை நம்பவும் கூடாது.

மாமியாருக்கு வெறும் தண்ணீரிலோ பழத்தின் சொந்தச் சாற்றிலோ பிளம்ஸ் துண்டுகளை அடைக்கலாம், நேரம் அதேதான். நிறம் சற்று மங்கும், சதை கொஞ்சம் குழையும், ஆனால் கெடாது. சர்க்கரை இல்லாத ஜாம் மட்டும் அலமாரிக்கு உரியதல்ல. பழத்தின் சர்க்கரையும் சர்க்கரைதான் என்பதால் அளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடிகளைப் பற்றி ஒரு சொல். காபித்தூள், ஊறுகாய் வந்த பாட்டில்களைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் மூடிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் போன்ற பூச்சு ஒரு முறை அழுந்திய இடத்தில் மறுமுறை நன்றாக ஒட்டாது. பழைய பாட்டிலை வைத்துக்கொண்டு மூடியை மட்டுமாவது புதிதாக வாங்குங்கள். ஊறுகாய் மூடியில் நல்லெண்ணெய் மணம் போகவே போகாது என்பது வேறு.

குன்னூர் மழை

ஆசிரியை ஈரோட்டுக்குச் சொன்ன நேரம் குன்னூரில் செல்லாது என்பதை நான் சேர்க்க வேண்டும், ஏனெனில் சகோதரி இங்கேயே அடைப்பதாக எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைவதால் இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. புதிதாக மாற்றலாகி வருபவர்கள் பருப்பு வேகவில்லை என்று எங்கள் தண்ணீரைக் குறை சொல்வது இதனால்தான். தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுகிறோம், ஆனால் பாட்டிலுக்குள் போகும் சூடு குறைவு. ஆகவே ஈரோட்டில் 20 நிமிடம் என்றால் இங்கே 35 நிமிடம் வைக்க வேண்டும். ஜாமுக்கு 15 நிமிடம்.

ஜாமில் இன்னொரு வினையும் இருக்கிறது. 105 டிகிரி வந்தால் ஜாம் பதம் என்று புத்தகத்தில் படித்துவிட்டு வெப்பமானியோடு வருபவர்கள், இங்கே அந்த எண்ணுக்காகக் காத்திருந்து, ஜாமை மிட்டாயாக்கி, பாத்திரத்தையும் அடிப்பிடிக்க வைத்துவிடுவார்கள். நீங்கள் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதன் வெப்பத்தை அளந்துகொள்ளுங்கள், அதைவிட நான்கரை டிகிரி கூடுதலாக வரும்போது இறக்குங்கள். எங்கள் வீட்டில் அது 98-ஐ ஒட்டியே வரும். வெப்பமானி இல்லாவிட்டால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள், மேலே சுருக்கம் விழுந்தால் பதம். கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை போதும், பிளம்ஸில் பெக்டினும் (ஜாமைக் கெட்டியாக்கும் பழப்பசை) புளிப்பும் நிறைய இருப்பதால் வேறெதுவும் சேர்க்க வேண்டாம்.

என் யோசனை இதுதான்: ஜாமை இங்கே செய்யுங்கள், துண்டுகளை ஈரோட்டில் அடையுங்கள். முற்றிக் கனிந்த பழம் மலைப்பாதையின் வளைவுகளைத் தாங்காது, கூடையின் அடியில் இருப்பது சாறாகிவிடும். அதனால் கனிந்ததை இங்கேயே ஜாமாக்கிவிட்டு, புறப்படும் நாள் காலையில் சற்றுக் கெட்டியான பழமாக வாங்கி, கூடையில் காகிதம் பரப்பி இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் கொண்டுசெல்லுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் சாப்பிட இறங்கும்போது, மூடிய வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள்.

இங்கே அடைத்த பாட்டில் சமவெளிக்கு இறங்குவதால் கெடாது. வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே அதிகம் என்பதால் மூடி இன்னும் உள்வாங்கித்தான் நிற்கும். ஈரோட்டில் அடைத்து மலைக்குக் கொண்டுவருபவர்கள்தான் மூடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சிப்ஸ் பாக்கெட் மேலே ஏற ஏற உப்புவதைப் பார்த்திருப்பீர்களே.

கொண்டைஊசி ஒன்பது

என் அம்மாவிடம் 105 டிகிரியைப் பற்றிச் சொன்னேன். "அதனால்தான் உன் சித்தி சென்னையிலிருந்து வந்து கிளறிய ஜாமைக் கத்தியால் வெட்ட வேண்டியிருந்தது" என்றார். என் முந்தைய கருத்தைப் பாதியளவு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஈரோட்டு மஞ்சள்

சென்ற வாரம் திரும்பினோம், நடந்ததை எழுதுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஏறியதால் நெரிசல் அவ்வளவாக இல்லை. சந்தையில் ஒரு பாட்டி என் மகளின் கையில் ஒரு பழத்தை வைத்து, காம்புப் பக்கம் லேசாக அமுக்கிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு பழம் தேர்ந்தெடுக்கும் வேலையை அவள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று கிலோ ஜாம் பழமாக வாங்கினோம். மறுநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டதால் எங்கும் போக முடியவில்லை, ஆகவே அடுப்படிக்கு ஒதுக்க வேண்டிய நாளைத் தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை. வெப்பமானி 98-இல் நின்றபோது, இன்னும் ஏழு டிகிரி இருக்கிறது என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். மாமியார் தட்டில் ஒரு சொட்டு விட்டுக் காட்டி அடுப்பை அணைத்தார். ஜாம் அருமையாக வந்திருக்கிறது.

வீட்டில் அடைத்ததுதான் அவ்வளவு சரியாக அமையவில்லை. அரை லிட்டர் பாட்டில் எட்டு, கொப்பரையில் நான்கு நான்காக வைத்தோம். ஆறும்போது ஒவ்வொரு மூடியும் "டக்" என்று உள்வாங்கும் ஓசையைப் பிள்ளைகள் கரியால் தரையில் கோடு போட்டு எண்ணினார்கள். ஆறு கோடுதான் விழுந்தது. மீதி இரண்டின் மூடியை நடுவில் அமுக்கினால் மேலே எழும்புகிறது. அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்து உடனே சாப்பிடத் தொடங்கிவிட்டோம். அடைபட்ட ஆறிலும் பழம் முழுக்க மேலே மிதக்கிறது, அடியில் மூன்று விரற்கடைக்கு வெறும் பாகாக இருக்கிறது. இதனால் கெடுதல் உண்டா?

ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை

எட்டில் ஆறு என்பது முதல் முறைக்கு நல்ல கணக்கு. அந்த இரண்டில் மூடி போடுவதற்கு முன் விளிம்பை ஈரத்துணியால் துடைத்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள், பாகுப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் மூடி ஒட்டாது. ஒட்டாத பாட்டிலை 24 மணி நேரத்துக்குள் புது மூடி போட்டு மறுபடியும் முழு நேரம் கொதிக்க வைக்கவும் செய்யலாம், ஆனால் பழம் குழைந்துவிடும். நீங்கள் சாப்பிடத் தொடங்கியதே சரி.

மிதப்பதால் கெடுதல் இல்லை. பச்சைத் துண்டுக்குள் இருக்கும் காற்றுதான் அதை மேலே தூக்குகிறது. மேலே பாகுக்கு வெளியே நிற்கும் துண்டுகள் சில மாதத்தில் பழுப்பாகலாம், அவற்றை முதலில் திறந்து தீர்த்துவிடுங்கள். அடுத்த முறை துண்டுகளைக் கொதிக்கும் பாகில் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு பாட்டிலில் நிரப்புங்கள். காற்று வெளியேறிவிடும், பாட்டிலிலும் கூடுதலாக இரண்டு பழம் கொள்ளும். முழுப்பழமாகப் போடுவதாக இருந்தால் இரு பக்கமும் முள்கரண்டியால் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தோல் வெடித்துவிடும். அந்த வேலையைக் கடைக்குட்டியிடம் கொடுங்கள்.